ஓடைக்கு அப்பால் கூவும் சேவல்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் காட்டு வான்கோழிக்கான வசந்தகால வேட்டை ஏப்ரல் மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை தொடங்கி மூன்று வாரம் நடக்கிறது. அந்த மூன்று வாரத்தில் ஏதேனும் ஒரு சேவல் அகப்பட்டால் போதும் என்று காட்டுக்குள் போகிறவர்கள் உண்டு. இன்ன சரிவில் அடைகிற, இன்ன ஓடைக்கரையில் தோகை விரிக்கிற, இன்ன குரலுடைய அந்த ஒரு சேவல்தான் வேண்டும் என்று போகிறவர்களும் உண்டு. நான் சில ஆண்டுகளாக இரண்டாம் வகையினரோடு சேர்ந்துவிட்டேன். இரண்டுக்கும் வேட்டை என்றே பெயர் என்றாலும், ஒரு பறவையை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு பருவம் முழுவதும் அதன் பின்னால் நடப்பது முற்றிலும் வேறொரு வேலை. முதல் வகையில் பறவையைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. இரண்டாம் வகையிலோ, பறவை இருக்கும் இடம் தெரிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது.

நான் போவது தென் மிசூரியின் ஓசார்க் மலைநாட்டுக்கு. மார்க் ட்வைன் தேசியக் காடு அங்கே ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர் பரப்பில், ஒரே துண்டாக இல்லாமல், தனியார் பண்ணைகளுக்கு ஊடே பல துண்டுகளாகப் பரந்து கிடக்கிறது. மலை என்று சொன்னாலும் உயரம் அதிகமில்லை. ஓக்கும் ஹிக்கரியும் பைனும் நிறைந்த நீண்ட மேடுகள், அவற்றிலிருந்து சட்டென்று இறங்கும் குறுகிய பள்ளங்கள், பள்ளத்தின் அடியில் கூழாங்கற்களின் மேல் ஓடும் தெளிந்த ஓடைகள் என்று மாறி மாறி வரும் நிலம் அது. பருவம் தொடங்கும்போது ரெட்பட் மரங்கள் இலை விடுவதற்கு முன்பே இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். அடுத்து டாக்வுட் வெள்ளையாகப் பூக்கும். மூன்றாம் வாரத்துக்குள் ஓக் இலைகள் விரிந்துவிட, முதல் நாளன்று நூறு கெஜம் வரை பார்க்க முடிந்த இடத்தில் முப்பது கெஜத்துக்கு மேல் எதுவும் தெரியாமல் போய்விடும். இலை விரிந்த காடு ஒலியையும் விழுங்கிவிடுகிறது. இருநூறு கெஜத்தில் கூவும் சேவல் கால் மைலுக்கு அப்பால் நிற்பதாகத் தோன்றும் நாட்கள் அவை. தூரத்தைக் காதால் மதிப்பிடும் பழக்கத்தை ஒவ்வொரு வாரமும் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் காட்டில் வான்கோழி கூவுவதைக் கேட்கும்போதெல்லாம், அந்தக் குரல் ஒரு காலத்தில் ஏறக்குறைய கேட்காமலே போயிருந்தது என்பதை நான் நினைத்துக்கொள்வதுண்டு. ஓசார்க் காடுகளை மொட்டையடித்த மரவெட்டும், கணக்கு வழக்கற்ற வேட்டையும் சேர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் மிசூரியின் வான்கோழிகளைச் சில ஆயிரமாகக் குறைத்துவிட்டன. 1936 இல் மக்கள் வாக்களித்து உருவாக்கிய மாநில இயற்கைப் பாதுகாப்பு ஆணையம், 1937 இல் பொறுப்பேற்றதும் வான்கோழி வேட்டையை அடியோடு நிறுத்தியது. பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் விட்டுப் பெருக்கும் முயற்சி பலிக்கவில்லை. மனிதர் கையில் வளர்ந்தவை காட்டில் பிழைக்கத் தெரியாமல் அழிந்தன. 1954 முதல், எஞ்சியிருந்த காட்டுப் பறவைகளையே வலையில் பிடித்து, அவை அற்றுப்போன இடங்களுக்குக் கொண்டுபோய் விடத் தொடங்கினார்கள். அது பலித்தது. 1960 இல் வசந்தகால வேட்டை மீண்டும் திறக்கப்பட்டது. அதே 1937 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கும் வரியை மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்குத் திருப்பிவிடுகிறது. நாடெங்கும் இப்பறவை மீண்டதில் அந்தப் பணத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் மீண்டது அப்படியே நிலைக்கவில்லை. 2000களின் முதல் பாதியில் உச்சத்தைத் தொட்ட மிசூரியின் வான்கோழி எண்ணிக்கை அதன் பிறகு இறங்கியிருக்கிறது. முட்டைகளும் குஞ்சுகளும் ரக்கூன் முதலிய விலங்குகளுக்கு இரையாவது, குஞ்சு மேயும் வெட்டவெளிகள் குறைவது, குஞ்சு பொரிக்கும் சமயத்தில் விடாது பெய்யும் மழை என்று காரணங்கள் பல. ஒரு பருவத்தில் இரண்டு சேவல்கள் வரை எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. முதல் வாரத்தில் ஒன்றுதான். நான் பருவத்துக்கு ஒன்று என்று எனக்கு நானே வரம்பு வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றுதான் என்று முடிவு செய்துவிட்ட பிறகு, அது எந்த ஒன்று என்ற கேள்வி தானாகவே வந்துவிடுகிறது. குறிப்பிட்ட சேவலைத் தேடிப் போகும் பழக்கம் எனக்கு இப்படித்தான் ஏற்பட்டது. நான் தேடுவது வயதான சேவலை. பல வசந்தங்களைக் கடந்து, துப்பாக்கியோடு வருகிறவர்களின் எல்லா உத்திகளையும் கேட்டுப் பழகிவிட்ட சேவலை.

ஒரு காட்டுப் பறவையை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பொறுமையாகக் கவனித்தால் அது முடியாத காரியமில்லை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள், மரம் ஏற்றும் லாரிகள் போய்க் கைவிடப்பட்ட பழைய மண் சாலைகளில் நடந்தால் போதும். நடுவிரல் பதிவு இரண்டரை அங்குலத்துக்கு மேல் நீண்டிருந்தால் அது வளர்ந்த சேவல். அந்தத் தடத்தின் இருபுறமும் ஈரமண்ணில் மெல்லிய கோடுகள் இணையாக ஓடினால், அங்கே சேவல் தோகையை விரித்து, இறக்கை நுனிகளைத் தாழ்த்தித் தரையில் இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறது என்று பொருள். எச்சமும் சொல்லும்: சேவலின் எச்சம் நீண்டு ஒரு முனையில் வளைந்திருக்கும், பெட்டையினுடையது சுருண்டு சிறு குவியலாக இருக்கும். ஓடைக்கரையில் நான் பின்தொடர்ந்த சேவலின் வலது காலில் வெளிவிரல் இயல்பைவிட அதிகமாகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அந்த விரலின் நகம் மண்ணில் ஒருபோதும் பதிந்ததில்லை. பழைய காயம் ஏதோ இருந்திருக்க வேண்டும். அந்தக் கோணல் தடத்தை மார்ச் மாதக் கடைசியில் ஓடையின் வடக்குக் கரையில் முதலில் பார்த்தேன். அதன் பிறகு அந்தக் கரையின் அரை மைல் நீளத்தில் பல இடங்களில் பார்த்தேன். தெற்குக் கரையில் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

குரலும் அடையாளம்தான். வான்கோழிச் சேவலின் கூவல், தொண்டையில் உருண்டு குலுங்கி முன்னோக்கிக் கொட்டுகிற ஒரு நீண்ட தொடர். இந்தச் சேவலினுடையது தொடக்கத்தில் கரகரத்து, முடிவதற்கு முன்பே வெட்டி நிறுத்தியதுபோல் நின்றுவிடும். தோகையிலும் ஒரு குறை இருந்தது. வெயிலுக்கு எதிரே திரும்பி அது தோகையை விரித்தபோது, நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக ஒரு இறகின் அகலத்துக்கு வெளிச்சம் வருவதைத் தொலைநோக்கியில் கண்டேன். இங்கே ஜேக் என்று அழைக்கப்படும் ஓராண்டுச் சேவலாக இருந்தால் தோகையின் நடு இறகுகள் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கும். இதன் தோகை விளிம்போ ஒரே சீரான வில்லாக வளைந்திருந்தது. மார்பிலிருந்து தாடிபோல் தொங்கிய இறகுக் கற்றை, அது குனிந்து மேயும்போது தரையைத் தொட்டது. இவ்வளவும் சேர்ந்த பிறகு அது எனக்கு வெறும் வான்கோழியாகத் தெரியவில்லை. வேட்டைக்காரர்களில் சிலர் இப்படிப்பட்ட சேவல்களுக்குப் பெயர் வைக்கிறார்கள். எனக்கு அந்தப் பழக்கமில்லை. ஓடைச் சேவல் என்பதே போதுமானதாக இருந்தது.

வான்கோழிகள் இரவில் மரத்தில்தான் அடையும். பொழுது சாயும்போது ஓடிப் பறந்து ஏறி, கனத்த உடலோடு கிளை கிளையாக மேலே போய் அமரும் சத்தம் அமைதியான மாலையில் வெகுதூரம் கேட்கும். அடையும் மரம் தெரிந்துவிட்டால் மறுநாள் விடியலில் எங்கே உட்கார வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஓடைச் சேவல் வடக்குச் சரிவின் நடுவில், ஓடையைப் பார்த்து நின்ற பெரிய பைன்களில் அடைந்தது. விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எதிர்க்கரையில் போய் நின்று கேட்பேன். விப்–புவர்–வில் பறவைகள் ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். அவை அடங்கத் தொடங்கும் நேரத்தில் ஆந்தை கத்தும். கத்தாவிட்டால் நான் என் வாயாலேயே ஆந்தைபோல் கூப்பிடுவேன். திடீரென்று எழும் உரத்த சத்தத்துக்குச் சேவல் தன்னையறியாமல் பதில் கூவிவிடும் இயல்பு உண்டு. ஆந்தை, காகம், இடி என்று எதுவாக இருந்தாலும் சரி. பெட்டையின் குரலை அந்த நேரத்தில் எழுப்பக் கூடாது என்பது என் கருத்து. ஆந்தைக்குப் பதில் சொல்லும் சேவல் தான் இருக்கும் இடத்தை மட்டும் காட்டிக்கொடுக்கிறது. பெட்டைக்குப் பதில் சொல்லிவிட்டாலோ அந்தக் கணத்திலிருந்தே அது எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

அந்த எதிர்பார்ப்பில்தான் இந்த வேட்டையின் எல்லாக் கடினமும் இருக்கிறது. இயற்கையில் சேவல் ஓரிடத்தில் நின்று கூவும், தோகை விரிக்கும். பெட்டை அதைத் தேடி வரும். வேட்டைக்காரன் பெட்டையின் குரலில் அழைத்து, சேவலைத் தன்னிடம் வரச் சொல்கிறான். அதாவது அந்த இனத்தின் வழக்கத்தையே தலைகீழாக்கப் பார்க்கிறான். இரண்டு வயதுச் சேவல் ஆவலில் ஓடி வந்துவிடும். வயதான சேவல் அறுபது எழுபது கெஜம் வரை வந்து, பெட்டை கண்ணில் படவேண்டிய இடத்தில் படவில்லையே என்று நின்றுவிடும். அங்கேயே தோகையை விரித்து முன்னும் பின்னுமாக நடந்துகொண்டு, நீ வா என்று கூவும். ஷாட்கன் தோட்டா நம்பகமாகப் போவது நாற்பது கெஜம் வரை. அந்த இடைவெளியில்தான் பெரும்பாலான காலைகள் முடிகின்றன. நடுவில் ஓடையோ வேலியோ பள்ளமோ இருந்துவிட்டால் நிற்பதற்கு அதற்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிடுகிறது. பறக்கத் தெரிந்த பறவை, மணிக்கு ஐம்பது மைலுக்கு மேல் பறக்கக்கூடிய பறவை, முழங்கால் ஆழ ஓடையின் விளிம்பில் வந்து நின்று விடுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் இது புரியும்.

ஓடைச் சேவல் முதல் வாரம் முழுவதும் இதையே செய்தது. மரத்திலிருந்து இறங்கி, வடகரையின் ஓரமாக இருந்த தட்டையான திட்டில் வந்து தோகை விரித்து நிற்கும். நான் தெற்குக் கரையிலிருந்து மெல்ல அழைத்தால் ஒவ்வோர் அழைப்புக்கும் பதில் கூவும். இக்கரைக்கு மட்டும் வராது. எட்டு மணிக்குச் சற்று முன்னோ பின்னோ அதன் குரல் சரிவில் மேலேறி, மேட்டைத் தாண்டி, அப்படியே அடங்கிவிடும். அது எங்கே போகிறது என்பதை அந்தப் பருவம் முழுவதும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. வடக்கே ஒரு மைலுக்குக் காடுதான். மேடுகளில் நடந்து பார்த்தும் தடமில்லை, ஏனென்றால் ஓக் சருகின் மேல் தடம் பதிவதில்லை.

அழைக்கும் கருவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேட்டையின் கலை முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது. மூடியைப் பெட்டியின் விளிம்பில் தேய்த்து ஒலியெழுப்பும் மரப்பெட்டி ஒன்று உண்டு. ஸ்லேட்டின் மேல் மரக்குச்சியை வைத்துச் சிறு வட்டமாக இழுப்பது இன்னொன்று. மேலண்ணத்தில் ஒட்டி வைத்து ஊதும் மெல்லிய ரப்பர்ச் சவ்வு மூன்றாவது. கை அசையாமல் ஒலியெழுப்பலாம் என்பதால் சேவல் நெருங்கி வந்த பிறகு மூன்றாவதுதான் உதவும். பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் எழுப்புவது மிசூரியில் சட்டவிரோதம். தீனி போட்டு வரவழைப்பதும் அப்படியே. என்னிடம் இருக்கும் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்லேட். அதை உலர்ந்த மணல்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டு, குச்சியின் நுனியை எடுக்காமல் அரை அங்குலம் இழுத்தால், மேய்ந்துகொண்டே தனக்குத்தானே முனகும் பெட்டையின் திருப்தியான குரல் வரும். உரத்த அழைப்பு தொலைவிலிருக்கும் சேவலைத் திரும்பிப் பார்க்க வைக்கும். ஆனால் வயதான சேவலை நடக்க வைப்பது, பெரும்பாலும், கேட்டதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெல்லிய இந்த முனகல்தான். அதற்கும் மேலானது கருவியே இல்லாமல் கையால் சருகைக் கிளறுவது: இரண்டு முறை வேகமாக, ஒரு முறை நிதானமாக, பிறகு ஒரு நிறுத்தம். பெட்டை கால்களால் கிளறி, நிறுத்தி, கிளறிய இடத்தைக் கொத்திப் பார்க்கும் தாளம் அது.

இரண்டாம் வாரத்தில் ஓடையை இருட்டிலேயே கடந்து அதன் கரைக்கே போனேன். நேராகக் கடந்தால் மரத்தில் அடைந்திருக்கும் சேவலுக்குக் கூழாங்கல் சத்தம் கேட்டுவிடும் என்பதால், கீழே வெகுதூரம் போய்க் கடந்து, மேட்டின் மறுபக்கமாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. வான்கோழிக்கு மோப்பம் குறைவு. கண்ணோ மிகக் கூர்மை. தலையை அசைக்காமலே ஏறத்தாழ 270 பாகை சுற்றளவைப் பார்க்கும், நிறங்களையும் நன்றாகப் பிரித்தறியும். கண் இமைப்பதைத் தவிர வேறு அசைவு கூடாது என்று எனக்கு இந்த வேட்டையைச் சொல்லிக்கொடுத்த பெரியவர் சொல்லுவார். அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. ஆனால் அந்த வாரம் என் இடத்தில் குறையில்லை என்றாலும் காலம் எனக்குச் சாதகமாக இல்லை. சேவலின் மரத்துக்கு அருகிலேயே பெட்டைகளும் அடைந்திருந்தன. விடிந்ததும் அவை இறங்கி வந்து சேவலைச் சூழ்ந்துகொண்டு, மேய்ந்தபடியே மேட்டுக்கு மேலே அழைத்துப்போயின. உண்மையான பெட்டைகள் கண்ணெதிரே இருக்கும்போது எந்த அழைப்புக்கும் சேவல் திரும்புவதில்லை. இரண்டு முறை கூவிவிட்டு அவற்றோடு போய்விட்டது.

இந்த இடத்தில் காத்திருக்கத் தெரிந்தவருக்குத்தான் பயன். பெட்டை நாளுக்கு ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முட்டைகள் இடுகிறது. இடும் காலத்தில் காலையில் சேவலோடு இருந்துவிட்டு, பிறகு முட்டையிடப் போய்விடும். எல்லா முட்டைகளும் இட்டு முடிந்ததும் 28 நாள் அடைகாக்க உட்கார்ந்துவிடும். அதன் பிறகு சேவலைத் தேடி வராது. பெட்டைகள் ஒவ்வொன்றாக அடையில் உட்கார உட்கார, அதுவரை கூட்டத்தின் நடுவில் நின்ற சேவல் தனித்துப்போகிறது. அப்போது அது நண்பகலுக்கு முன்பான நேரத்தில் மீண்டும் பெட்டைகளைத் தேடி நடக்கத் தொடங்கும். விடியலில் கிடைக்காத வயதான சேவல் பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் கிடைப்பது இதனால்தான். பொது நிலங்களில் பிற்பகல் ஒரு மணிக்கு வேட்டையை நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலோர் ஒன்பது மணிக்கே வண்டிக்குத் திரும்பிவிடுகிறார்கள். மீதமுள்ள நேரத்தைக் காட்டில் இருப்பவருக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

மற்றவர்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தேசியக் காடு எல்லோருக்கும் பொது. நான் கேட்கும் பெட்டைக் குரல் இன்னொரு வேட்டைக்காரருடையதாக இருக்கலாம். என் குரலைக் கேட்டு என்னை நோக்கி ஒருவர் பதுங்கி வரலாம். சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மாறும் என்பதால் அந்த மூன்று நிறங்களில் எதையும் உடுத்தக் கூடாது, உள்சட்டையிலும் காலுறையிலும்கூட. தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும். யாராவது வருவது தெரிந்தால் கையசைக்கவோ அழைப்புக் கருவியை ஒலிக்கவோ கூடாது. மனிதக் குரலில் உரக்கப் பேச வேண்டும். சேவலின் விரித்த தோகையைக் கையில் பிடித்து அதன் பின்னால் ஒளிந்துகொண்டு தவழ்ந்து நெருங்கும் முறை ஒன்று அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. பொதுக் காட்டில் அது உயிருக்கு ஆபத்து. ஆபத்து ஒருபுறம் இருக்க, அந்த முறையில் சேவலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவுமில்லை. எதிரியைக் கண்ட ஆத்திரத்தில் அது தானாக ஓடி வருகிறது. பென்சில்வேனியாவில் வசந்தகாலத்தில் அழைத்து மட்டுமே வேட்டையாடலாம், பதுங்கிப் பின்தொடர்வது சட்டப்படி குற்றம். அந்த விதியை நான் மனமார ஏற்கிறேன்.

அதே காட்டின் மேற்கு மேட்டில் வேறொரு சேவலையும் கவனித்துவந்தேன். அது தனியாக நடப்பதில்லை. இரண்டு இளைய சேவல்கள் எப்போதும் அதன் இருபுறமும் நடக்கும், அது தோகை விரித்தால் அவையும் விரிக்கும். வான்கோழிச் சேவல்களில் உடன்பிறந்தவை இப்படிக் கூட்டணியாக நடப்பதுண்டு. கலிபோர்னியாவில் ரியோ கிராண்டே இனத்து வான்கோழிகளை ஆராய்ந்தவர்கள், கூட்டணியில் தலைமைச் சேவல் மட்டுமே பெட்டைகளோடு சேர்கிறது என்றும், துணை நிற்கும் சகோதரர்களுக்குத் தங்கள் இரத்தம் தழைப்பதே ஆதாயம் என்றும் கண்டிருக்கிறார்கள். மூன்று ஜோடிக் கண்கள் காவல் காக்கும் அந்தக் கூட்டத்தை நெருங்குவது தனி ஒரு பருவத்துக்கான வேலை. அதை அப்படியே விட்டுவைத்தேன்.

மூன்றாம் வாரத்தில், டாக்வுட் பூ உதிரத் தொடங்கியிருந்த ஒரு காலையில், மீண்டும் வடகரைக்குப் போனேன். இந்த முறை அடையும் மரத்துக்கு அருகில் உட்காரவில்லை. திட்டிலிருந்து அது சரிவில் மேலேறும் வழியில், பழைய மண் சாலை ஒரு வளைவு திரும்பும் இடத்துக்குச் சற்று மேலே, வெள்ளை ஓக் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்தேன். வளைவைத் தாண்டினால் முப்பது கெஜத்துக்குள் வந்துவிடும். தாண்டாத வரை பெட்டை ஏன் கண்ணில் படவில்லை என்ற சந்தேகம் அதற்கு எழ வழியில்லை. விடியலில் அது இரண்டு முறை கூவியது. வேறு எந்தக் குரலும் பதில் சொல்லவில்லை. பெட்டைகள் அடையில் உட்கார்ந்துவிட்டன என்று புரிந்தது. நான் அழைக்கவில்லை. எட்டு மணி கடந்தது, ஒன்பது கடந்தது. காட்டில் தெற்கிலிருந்து வந்து சேர்ந்த டானஜர் பறவைகளின் சத்தமும், கால்சட்டையில் ஊரும் உண்ணிகளும்தான். பத்து மணிக்குப் பிறகு ஸ்லேட்டில் அந்த முனகலை ஒரு முறை இழுத்தேன், கையால் சருகைக் கிளறினேன், பிறகு கருவியைக் கீழே வைத்துவிட்டேன்.

பதில் கூவல் வரவில்லை. கால் மணி நேரத்துக்குப் பின்பு காதுக்கு எட்டியதைவிட மார்பில் உணர்ந்தது என்று சொல்லத்தக்க ஓர் ஒலி வந்தது. தோகையை விரிக்கும் கணத்தில் சேவல் ஒரு சீறலும் அதைத் தொடர்ந்து ஓர் ஆழ்ந்த உறுமலும் எழுப்பும்; மிகத் தாழ்ந்த சுருதி என்பதால் ஏறத்தாழ நூறு கெஜத்துக்குள் இருந்தால்தான் கேட்கும். துப்பாக்கி முன்பே முழங்காலின் மேல் நிலைநிறுத்தப்பட்டிருந்தது. வளைவில் முதலில் தெரிந்தது தலை: உச்சி சுண்ணாம்பு வெள்ளை, கண்ணைச் சுற்றி வான நீலம், கழுத்துச் சதை இரத்தச் சிவப்பு. மூக்கின் மேலிருந்து தொங்கும் சதை அலகைத் தாண்டி நீண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அது இரண்டடி வைத்து நின்று தோகையை விரித்தது. இடப்பக்கம் அந்த இடைவெளியில் வெளிச்சம் வந்தது. தோகை விரித்த நிலையில் கழுத்து சுருங்கியிருக்கும், சுடக் கூடாது. நாக்கின் மேலிருந்த ரப்பர்ச் சவ்வில் ஒற்றை ஒலி எழுப்பினேன். தோகை மடங்கி, கழுத்து நிமிர்ந்தது. சுட்டேன். அது விழுந்த இடத்திலேயே கிடந்தது.

எழுந்து போய் முதலில் பார்த்தது வலது கால். வெளிவிரல் பழைய முறிவு ஒன்றில் கோணலாகச் சேர்ந்திருந்தது, நகம் இல்லை. கால்முட்கள் ஒன்றேகால் அங்குலம், நுனி கூர்ந்து வளைந்தவை. மூன்று வயதுக்குக் குறையாத சேவல் என்று அவை சொல்லின. மார்பு இறகுகளை வெயிலில் சாய்த்தபோது செம்பும் பச்சையும் ஊதாவும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடின. மார்பில் விரலை வைத்து அழுத்தினேன். பருவத்தின் தொடக்கத்தில் அங்கே கொழுப்பு மெத்தையாகத் திரண்டிருக்கும், பல நாள் மேய்ச்சலை மறந்து கூவியும் தோகை விரித்தும் திரியும் சேவலுக்கு அதுவே உணவு. இதற்கு அது ஏறக்குறையக் கரைந்துபோயிருந்தது. தேடிய சேவல் கையில் கிடைத்ததில் மகிழ்ச்சி இருந்தது. நாளை விடியலில் அந்தக் கரகரத்த குரல் கேட்காது என்ற வருத்தமும் இருந்தது. இரண்டையும் நான் உண்மையாகவே உணர்ந்தேன், இரண்டில் ஒன்றை மறைத்து எழுத விருப்பமில்லை. அனுமதிச்சீட்டைச் செல்லாததாக்கிவிட்டு, ஆரஞ்சு நிறத் துணியில் பறவையைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வண்டிக்குத் திரும்பி அன்றே, வேட்டையாடிய பறவையைக் கணக்கில் சேர்க்கும் மாநில இயற்கைப் பாதுகாப்புத் துறையின் டெலிசெக் முறையில் பதிவு செய்தேன்.

மாலையில் பறவையைச் சுத்தம் செய்தபோது தீனிப்பையைத் தனியே அறுத்து ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினேன்; வேட்டையாடும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். ஓக் மரத்தின் தொங்கு பூக்கள் கொஞ்சம், வண்டுகள் சில, ஒரு சிறு நத்தை, மற்றதெல்லாம் க்ளோவர் என்ற தீவனச் செடியின் இலை. கிள்ளியெடுத்த மூவிலைகள், வாடாமல், பையின் முக்கால் பங்குக்கு. ஓடைக்கரையிலோ அந்தச் சரிவிலோ க்ளோவர் கிடையாது. வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். மேட்டுக்கு வடக்கே, நான் ஒரு முறையும் போயிராத கிளைச் சாலையின் முடிவில், காட்டுயிர்களுக்காகப் பராமரிக்கும் சிறு வெட்டவெளி ஒன்று குறிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துப்பாக்கி இல்லாமல், அங்கே நடந்தே போனேன். இரண்டு ஏக்கருக்கு மேல் இராது. முழங்கால் உயரத்துக்குக் க்ளோவர். ஓரத்தில் மண் தெரிந்த இடத்தில் இறக்கை நுனிகள் இழுத்த கோடுகள் இருந்தன, சில பழையவை, சில அன்று காலையில் விழுந்தவை. புதியவற்றின் நடுவே போன தடத்தில் எல்லா விரல்களும் நேராக இருந்தன. மேற்கு மேட்டுச் சகோதரர்களில் ஒன்றா, இதுவரை நான் கேட்டிராத வேறொன்றா என்பது வரும் மார்ச் மாதத்தில், மழை பெய்த மறுநாட்களில், அந்த வெட்டவெளியிலிருந்து தொடங்கி நடந்து பார்த்தால்தான் தெரியும்.